லேப்டாப், டிவி, ஹோம் தியேட்டர்: முதலில் சத்தத்துக்கு வழி பாருங்கள்

லேப்டாப்பை டிவியில் மாட்டினால் படம் பெரும்பாலும் உடனே வந்துவிடும். சத்தம்தான் அலைக்கழிக்கும். டிவி ஸ்பீக்கரில் வரும், ஹோம் தியேட்டரில் வராது. ஹோம் தியேட்டரில் வந்தாலும் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசும், பின்னால் இருப்பவை ஊமையாக இருக்கும். அதையும் சரிசெய்துவிட்டால் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல் கூடவே ஓடும். முதல் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: ஒயர் வாங்கும்போது படத்தை மட்டும் யோசிக்கிறோம், சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு எந்த வடிவத்தில் போகிறது என்று யோசிப்பதில்லை. மூன்றாவது வேறு கதை. அது வீட்டு எர்த்தைப் பற்றியது, கீழே விரிவாக வருகிறது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து வீடுகளில் சாதாரணமாக இருக்கும் செட்டுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். ஒரு வீட்டில் புது 4கே டிவியும் சவுண்ட்பாரும் இருக்கும். பக்கத்து வீட்டில் டிவிடி பிளேயரோடு வந்த பழைய ஹோம் தியேட்டர். அடுத்த தெருவில் உள்ளூர் மெக்கானிக் போர்டு வாங்கிப் பெட்டி கட்டிக் கொடுத்த அசெம்பிள்டு 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஆம்ப். மூன்றுக்கும் ஒரே ஒயர் உதவாது.

ஒயர் வாங்கக் கிளம்புவதற்கு முன்

ஹோம் தியேட்டரைத் திருப்பி முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ துவாரம் இருந்தால், அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'இன்' என்று இருந்தால் நல்லது, லேப்டாப்பை நேராக அதில் மாட்டலாம். 'அவுட்' மட்டும் இருந்தால் லேப்டாப்புக்கு அங்கே வேலையில்லை. டிவிடி ஹோம் தியேட்டர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐதான் இருக்கும். டிவிடி படத்தை டிவிக்கு அனுப்புவதற்கான வெளிவாசல் அது. லேப்டாப்பில் இருப்பதும் வெளிவாசல்தான். இரண்டு வெளிவாசலை ஒயரால் இணைத்தால் எதுவும் கெட்டுப்போகாது, எதுவும் வராது. ஒயர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது ஒயராக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லைப் படித்தால் போதும்.

அடுத்து டிவி. மூன்று ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் ஒன்றில்தான் 'ஏஆர்சி' அல்லது 'ஈஏஆர்சி' என்று எழுதியிருக்கும். டிவியிலிருந்து சத்தம் ஹோம் தியேட்டருக்குத் திரும்பிப் போகும் வழி அது. ஏஆர்சி 2009-இல் ஹெச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, அதற்கு முந்தைய டிவியில் தேடாதீர்கள். அந்தத் துவாரத்தை ஹோம் தியேட்டருக்கு விட்டுவிட்டு லேப்டாப்பை வேறொன்றில் மாட்டுங்கள். சதுரமான சின்னக் கதவு போல ஒரு துவாரம் இருந்தால் அது ஆப்டிகல், சத்தத்தை ஒளியாக அனுப்பும் வழி. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால், எல்லா டைப்-சியும் படம் தராது என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத மாடலும் உண்டு. அப்போது அந்த மாடலின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு' என்று இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரண டைப்-சி ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டரை வாங்கினாலும் டிவி கறுப்பாகத்தான் இருக்கும். நீல நிற விஜிஏ மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால், விஜிஏ ஒயரில் சத்தம் போகவே போகாது. சத்தத்துக்குத் தனி ஒயர் கட்டாயம்.

ஹெச்டிஎம்ஐ ஒயரை நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். 4கே படத்துக்கு 5 மீட்டருக்குள் இருப்பது நிம்மதி. ஹாலைச் சுற்றிச் சுவரோரமாக 10, 15 மீட்டர் இழுக்கவேண்டும் என்றால் ஃபைபர் உள்ள ஆக்டிவ் ஹெச்டிஎம்ஐ வாங்கவேண்டும். அதில் ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். சோர்ஸ் லேப்டாப்புக்கு, டிஸ்ப்ளே டிவிக்கு. மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. சுவருக்குள் குழாய் வழியாக இழுப்பதற்கு முன் தரையில் போட்டு ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். லாங் பஜாரிலோ சாரதி மாளிகையிலோ வாங்கினால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே டிவியில் போட்டுப் பார்த்து வாங்குவது எப்போதும் நல்லது.

ரிசீவர் இருந்தால் வேலை சுலபம்

ஹெச்டிஎம்ஐ 'இன்' உள்ள ஏவி ரிசீவரோ (படத்தையும் சத்தத்தையும் வாங்கிப் பிரித்துத் தரும் ஆம்ப்) சவுண்ட்பாரோ இருந்தால் லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் அதற்கு, அதன் 'அவுட்'டிலிருந்து ஒரு ஒயர் டிவியின் ஏஆர்சிக்கு. அவ்வளவுதான். 5.1, 7.1 எதுவானாலும் சுருக்காமல் அப்படியே போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய ரிசீவர் 4கே-யையோ ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புக் காப்பையோ ஏற்காது. அப்போது சொந்தமாக வைத்திருக்கும் வீடியோ ஓடும், ஓடிடியில் 4கே படம் போட்டால் மட்டும் திரை கறுத்துவிடும். லேப்டாப்பை 1080பி-க்குக் குறைத்துப் பாருங்கள்.

டிவி வழியாக ஹோம் தியேட்டருக்கு

அதிகம் பேருக்கு இந்த வழிதான் வாய்க்கும். பின் ஸ்பீக்கர் ஊமையாவதும் இங்கேதான். லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியிலிருந்து ஏஆர்சி அல்லது ஆப்டிகல் ஹோம் தியேட்டருக்கு.

ஆப்டிகல் ஒயர் புதிதாக வாங்கினால் இரண்டு முனையிலும் கண்ணாடி போல ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமலே மாட்டிவிட்டு சத்தம் வரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. கழற்றி டிவி பக்கம் 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். டிவி ஆனில் இருக்கும்போது மறுமுனையை உள்ளங்கையை நோக்கிப் பிடித்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். புள்ளி தெரிந்தால் டிவியும் ஒயரும் சரி, இனி பார்க்கவேண்டியது ஹோம் தியேட்டர் ரிமோட்டில் சோர்ஸ் மாற்றியிருக்கிறதா என்பதை. புள்ளி தெரியாவிட்டால் டிவியின் சவுண்ட் மெனுவில் அவுட்புட்டை ஆப்டிகலுக்கு மாற்றாமல் இருக்கலாம், அல்லது ஒயர் ஒடிந்திருக்கலாம். இந்த ஒயரைக் கதவு இடுக்கில் மடக்கக்கூடாது. உள்ளே இருக்கும் இழை ஒடிந்தால் ஒட்டமுடியாது.

ஏஆர்சி என்றால் டிவி மெனுவில் சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆனில் இருக்கவேண்டும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்து, சவுண்ட் அவுட்புட்டை ஏஆர்சிக்கு மாற்றவேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் டிவி, ஹோம் தியேட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது.

இப்போது பின் ஸ்பீக்கருக்கு வருவோம். ஆப்டிகலும் சாதாரண ஏஆர்சியும் சுருக்காத பிசிஎம் சத்தத்தை இரண்டு சேனல்தான் தூக்கும். 5.1 அதில் போகவேண்டுமானால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மாதிரி சுருக்கிய வடிவத்தில்தான் போகமுடியும். ஆனால் லேப்டாப்பில் இருக்கும் பிளேயர் என்ன செய்கிறது? ஃபைலில் இருக்கும் டால்பியைத் தானே பிரித்து, டிவி 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று சொல்வதால் இரண்டு சேனலாகக் குழைத்து அனுப்பிவிடுகிறது. ஹோம் தியேட்டர் கைக்கு வரும்போதே 5.1 இல்லை. அதனால் பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லவேண்டும்:

விஎல்சி பிளேயரில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ என்று போனால் 'ஹெச்டிஎம்ஐ/எஸ்பிடிஐஎஃப் ஆடியோ பாஸ்த்ரூ' என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்து, விஎல்சியை மூடித் திறங்கள். பிறகு டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட் 'பிசிஎம்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக்குங்கள். டால்பி டிஜிட்டல் டிராக் உள்ள படத்தை ஓட்டினால் ஹோம் தியேட்டர் டிஸ்ப்ளேயில் டால்பி என்று எழுத்து மாறும். அந்த எழுத்துதான் சாட்சி. காதை நம்பவேண்டியதில்லை.

இதற்குப் பிறகு சில படத்துக்கு மட்டும் சத்தமே வராமல் போகலாம். அந்த ஃபைலில் டிடிஎஸ் டிராக் இருக்கும். பல டிவிகள் டிடிஎஸ்ஸை வெளியே அனுப்புவதில்லை. வேறு டிராக் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாஸ்த்ரூவை அந்தப் படத்துக்கு ஆஃப் செய்யுங்கள். இதோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் கோடி பிளேயரைப் போட்டுக்கொள்ளலாம். அதன் ஆடியோ செட்டிங்ஸில் சேனலை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவையும் டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கையும் ஆன் செய்தால் டிடிஎஸ், ஏஏசி எதுவாக இருந்தாலும் டால்பி 5.1 ஆக மாற்றி அனுப்பும். ஆப்டிகல் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

டிவி எதற்கும் மசியவில்லையென்றால் ஹெச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. லேப்டாப் ஒயர் அதற்குள் போகும். படம் டிவிக்கும், சத்தம் ஆப்டிகலில் நேராக ஹோம் தியேட்டருக்கும் பிரியும். அதன் பக்கவாட்டில் '2 சிஹெச், 5.1, பாஸ்' என்று ஸ்விட்ச் இருந்தால் 5.1-இல் வையுங்கள். அந்த ஸ்விட்ச் இல்லாத பெட்டியை வாங்கவேண்டாம்.

யூடியூப் பாட்டுக்குப் பின் ஸ்பீக்கர் பேசவில்லையென்றால் அது குறையில்லை. வருவதே பெரும்பாலும் ஸ்டீரியோ. ஹோம் தியேட்டரிலேயே ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் ப்ரோலாஜிக் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ் ஒயரும் அசெம்பிள்டு ஆம்ப்பும்

சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ மட்டும் இருக்கும் ஆம்ப் என்றால் லேப்டாப்பின் ஹெட்போன் துவாரத்திலிருந்து 3.5 எம்எம் முதல் இரண்டு ஆர்சிஏ ஒயர். சிவப்பு வலது, வெள்ளை இடது. லேப்டாப் பக்கத்துப் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கவேண்டும். மஞ்சள் பின்னும் சேர்ந்த, மூன்று வளையம் உள்ள வீடியோ ஒயரை வாங்கி வந்துவிட்டால் எர்த் இடம் மாறிப்போகும். அப்போது ஒரு விசித்திரம் நடக்கும்: தபலாவும் வயலினும் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். எர்த் சேராததால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகிறது. நடுவில் இரண்டிலும் சமமாகப் பதிந்த குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. பின்னை முழுதாக அழுத்தாவிட்டாலும் இதே கோளாறு வரும். குரல் காணாமல் போனால் ஸ்பீக்கரைப் பிரிக்காதீர்கள், பின்னைப் பாருங்கள்.

லேப்டாப் வால்யூமை 80 சதவீதம் அளவில் வைத்து, மீதியை ஆம்ப்பில் கூட்டிக் குறையுங்கள். லேப்டாப்பை 20-இல் வைத்து ஆம்ப்பை முழுக்கத் திருப்பினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும்.

ஆம்ப்பின் முதுகில் ஆறு ஆர்சிஏ துவாரங்களும் இருந்தால் உங்களிடம் நிஜ 5.1 நுழைவு இருக்கிறது. லேப்டாப்பின் ஒற்றை ஹெட்போன் துவாரம் ஸ்டீரியோதான் தரும் என்பதால் அந்த ஆறும் சும்மா கிடக்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, யூஎஸ்பி 5.1 சவுண்ட் கார்டு. இன்னொன்று, டிவியின் ஆப்டிகலை வாங்கி ஆறு ஆர்சிஏவாகப் பிரித்துத் தரும் டால்பி-டிடிஎஸ் டிகோடர் பெட்டி. செட்டாப் பாக்ஸ் படத்துக்கும் சேர்த்து உதவும் என்பதால் இரண்டாவதே மேல். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

விண்டோஸில் செய்யவேண்டியது

1. எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒயரை மாட்டுங்கள். முதலில் டிவி, பிறகு ஹோம் தியேட்டர், கடைசியில் லேப்டாப் என்று ஆன் செய்யுங்கள். டிவி ரிமோட்டில் லேப்டாப் இருக்கும் ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள்.

2. விண்டோஸ் பட்டனோடு 'பி'-யை அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' போட்டால் லேப்டாப் திரையின் அளவுக்கு டிவியும் இறங்கிவிடக்கூடும். படம் பார்க்க 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' நல்லது.

3. கீழே ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் போகும் இடத்தை மாற்றுங்கள். ஹெச்டிஎம்ஐ வழி என்றால் டிவி அல்லது ரிசீவரின் பெயரே பட்டியலில் வரும். பெயரே வரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே ஆடியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப்பில் இது விடுபட்டிருக்கும்.

4. ரிசீவர் அல்லது யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்றால் விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அழுத்தி 'mmsys.cpl' என்று தட்டுங்கள். அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர், 5.1, டெஸ்ட். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். இடது பின்பக்கம் படம் மின்னும்போது வலது பின்பக்கம் ஒலித்தால் ஒயர் மாறியிருக்கிறது.

மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். பவர் ஆப்ஷன்ஸில் 'மூடியை மூடும்போது' என்ற இடத்தில் 'டூ நத்திங்' கொடுங்கள். ஆனால் கத்திரி வெயில் மாதத்தில் மூடியபடி மெத்தைமேல் வைத்து மூன்று மணிநேரப் படம் ஓட்டவேண்டாம். காற்றுத் துவாரம் அடைபட்டால் லேப்டாப் சூடேறித் தானாக வேகத்தைக் குறைக்கும், படம் திக்கும்.

படத்தில் வரும் சில்லறைக் கோளாறுகள்

ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் தெரியாமல் போனால் டிவியின் படஅளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்றதைத் தேடுங்கள். எழுத்தில் வண்ணம் கசிந்தால் அந்த ஹெச்டிஎம்ஐயின் பெயரை டிவியில் 'பிசி' என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகளில் உடனே கூர்மையாகும். மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் 4கே 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஹெச்டிஎம்ஐ 1.4 உள்ள லேப்டாப்பால் அதற்குமேல் முடியாது. 1080பி 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். லேப்டாப் புதிதாக இருந்தும் 30-இல் நின்றால், டிவியில் அந்த ஹெச்டிஎம்ஐக்கு 'என்ஹான்ஸ்டு' அல்லது 'டீப் கலர்' ஆனில் இல்லை.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஓடினால்: படம் டிவிக்கும் சத்தம் ஆக்ஸில் நேராக ஆம்ப்புக்கும் போகும்போது பேச்சு முந்தும், ஏனென்றால் டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது. டிவியை கேம் மோடில் போடுங்கள், அல்லது விஎல்சியில் 'கே' எழுத்தை அழுத்துங்கள்; ஓர் அழுத்துக்கு 50 மில்லி செகண்ட் சத்தம் பின்தங்கும். புளூடூத் ஸ்பீக்கரில் பேச்சு பிந்தும், அதற்கு 'ஜே'.

அந்த 'உர்ர்' சத்தம்

ஆம்ப்பில் எதையும் மாட்டாமலே உர்ர் என்றால் கோளாறு ஆம்ப்புக்குள். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும், மெக்கானிக்கிடம் கொடுங்கள். லேப்டாப்பை மாட்டியதும்தான் வருகிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றால், சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் சுற்றி வந்து சேருகின்றன. நிற்காவிட்டால் டிவிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயரின் உறை இன்னொரு எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

மூன்று பெட்டிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டாலே பாதி வீடுகளில் இரைச்சல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆக்ஸ் ஒயருக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரண்டு பக்க எர்த்தையும் பிரித்துவைக்கும் சின்னக் கருவி) போடுங்கள், அல்லது ஆப்டிகலுக்கு மாறுங்கள். ஆப்டிகலில் ஒளிதான் போகிறது, கரண்ட் தொடர்பே இல்லை. எர்த் இரைச்சல் அதில் ஏற வழியில்லை. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் கசியும் கரண்ட் போக இடமில்லாமல் ஆம்ப்பின் உடம்பில் நிற்கும். வீட்டில் குழந்தை தொடும் பெட்டி அது. செய்யாதீர்கள்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? மூன்று பின் சார்ஜர் என்றால் பாயிண்ட்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள். நம் பக்கத்துப் பாறை மண்ணில் கோடை வந்தால் எர்த் குழி வறண்டு அதன் தடை ஏறிவிடும். ஐப்பசியில் இல்லாத இரைச்சல் சித்திரையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கத்திரியில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் மட்டும் ஆம்ப் கரகரத்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஆம்ப்பை அந்த நேரம் அணைத்துவிடுவது நல்லது, டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும் மாலைகளில் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னலின் அதிர்ச்சி கேபிள் ஒயர் வழியாக டிவிக்கும், ஹெச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்புக்கும் ஏறும். முதலில் கேபிள் ஒயர், அடுத்து பிளக்குகள், பிறகு லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ என்ற வரிசையில் கழற்றுங்கள். இடி ஏற்கெனவே தலைக்குமேல் வந்துவிட்டால் எந்த ஒயரையும் தொடவேண்டாம்.